ஆபாவின் முதுகு

ஆறு வருஷம் ஆபாவோடு வேலை செய்திருக்கிறேன். அதில் அவர் முகத்தைப் பார்த்த நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு மாசம் தேறும். மீதி எல்லாம் முதுகுதான். நடுத்தெருவில் நூறு பெண்களை முதுகு காட்டி நிறுத்துங்கள், ஆபாவை நொடியில் காட்டிவிடுவேன். முகம் காட்டி நிறுத்தினால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

தப்பாக நினைக்க வேண்டாம். நாங்கள் பெயிண்டர்கள். அவர் ரோலர், நான் பிரஷ். சுவரின் நடுப்பகுதி முழுக்க அவருடையது. சீலிங் ஓரம், தரை ஓரம், மூலை, ஜன்னல் கட்டை, சுவிட்ச் பெட்டியைச் சுற்றி என்று ரோலர் நுழையாத சந்துபொந்தெல்லாம் என்னுடையது. அதற்கு ஓரம் எடுப்பது என்று பெயர். நான் முன்னால் ஓரம் எடுத்துக்கொண்டே போவேன். அந்த ஈரம் காய்வதற்குள் அவர் பின்னாலேயே ரோலரை ஓட்டிக்கொண்டு வருவார். ஈரத்தோடு ஈரம் சேர்ந்தால்தான் அது ஒரே சுவர். பாதியில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால், காய்ந்த இடமும் புது ஈரமும் சேரும் இடத்தில் ஒரு கோடு விழும். அடிக்கும்போது தெரியாது. மறுநாள் காலை ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது, ஆபரேஷன் பண்ணின வயிறு மாதிரி பளிச்சென்று தெரியும்.

அதனால் ஆபா ஒரு சுவரில் ரோலரை வைத்துவிட்டால் அந்த மூலைக்குப் போய்ச் சேரும்வரை நிறுத்த மாட்டார். திரும்பவும் மாட்டார். யார் கூப்பிட்டாலும் பதில் வரும். ஆனால் முதுகிலிருந்துதான் வரும்.

ஆபாவுக்கு ஊர் ராயப்பேட்டை. வீட்டில் உருது பேசுவார்கள். அவர்கள் பேச்சில் ஆபா என்றால் அக்கா. எனக்கு ஏழெட்டு வயசு மூத்தவர், நான் கூப்பிடுவது சரி. அறுபது வயசு மேஸ்திரியும் ஆபா என்றார். வீட்டுக்காரர்களும், வாட்ச்மேனும், தண்ணி கேன் போடுகிறவரும் ஆபா என்றார்கள். ஓட்டர் ஐடியில் வேறு பெயர் இருந்திருக்கும். அதை ஓட்டுப் பெட்டிக்காரர்கள் மட்டும்தான் பார்த்திருப்பார்கள்.

சுடிதார்மேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துப்பட்டா. இதுதான் உடுப்பு. அவர் புருஷன் டெய்லர், அந்தச் சட்டை அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும். ஆறு வருஷத்தில் அதன் முதுகில் ஒரு பொட்டுப் பெயிண்ட் பட்டதில்லை. என் சட்டையைச் சொல்லவே வேண்டாம். அடையாறில் ஒரு வீட்டுக்கார அம்மா ஷேட் கார்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, என் தோள்பட்டையில் விரலை வைத்து, "இந்த நீலம் கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார்.

மயிலாப்பூரில் ஒரு மாமி வீட்டில் வேலை. ஆபா ஹால் சுவரில் பாதி வந்திருந்தார். மாமி உள்ளேயிருந்து இரண்டு டம்ளர் காபியோடு வந்தார்.

"ஏம்மா, காபி கொண்டுவந்திருக்கேன். சூடா குடிச்சுட்டு அப்புறம் பண்ணப்படாதோ?"

"வெச்சிட்டுப் போங்க மாமி. தேங்ஸ்," என்றது முதுகு.

"நான் இங்க நின்னுண்டு பேசறேன், நீ சுவரைப் பார்த்துண்டு பதில் சொல்றியே?"

"இதோ, இன்னும் ஆறு பட்டை கீது மாமி."

மாமி முகம் சிவந்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன். எனக்கு அது ஒன்றுதான் நன்றாக வரும். "மாமி, கோச்சுக்காதீங்க. அவங்களுக்குப் பின்னாடி கண்ணு கீது. உங்க காபியில நுரை நல்லா கீதுன்னு இப்பத்தான் சொன்னாங்க" என்றேன். மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். என் டம்ளர் காபி உள்ளே திரும்பிப் போனது.

ஆறு பட்டை முடிந்தது. ஆபா ரோலரைத் தட்டில் சாய்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன காபியை எடுத்தார். நேராக மாமியிடம் போய் முகத்தைப் பார்த்து நின்றார். "இப்ப திட்டுங்க மாமி. இன்னா வேணும்னாலும் திட்டுங்க." மாமிக்குத் திட்ட வரவில்லை. மறுநாள் காலையில் வெயில் ஏறும்போது அவர் சுவரோடு கன்னத்தை ஒட்டிவைத்து, ஒரு கண்ணை மூடி, நீளவாக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு கோடு இல்லைடா! எங்காத்து சுவரா இது?" என்று என்னிடம் கேட்டார். அன்றைக்கு எனக்கும் காபி கிடைத்தது.

ஒருமுறை ஸ்டூலிலிருந்து விழுந்தேன். தலைகீழாக இல்லை, கொஞ்சம் கௌரவமாகத்தான் விழுந்தேன். ரோலர் சத்தம் நிற்கவில்லை.

"நைனா, உயிர் கீதா?"

"கீது ஆபா."

"பிரஷ்?"

"அதுவும் கீது."

"அப்ப ஏறு. ஓரம் காயுது."

இதையெல்லாம் கேட்டால் கல்நெஞ்சக்காரி என்று தோன்றும். எனக்கே சில நாள் தோன்றியிருக்கிறது. அடையாறு ஃப்ளாட்டில் நடந்ததைப் பார்த்த பிறகு அப்படி நினைப்பதை விட்டுவிட்டேன். அன்றைக்கு அவர் மகளுக்கு ப்ளஸ் டூ ரிசல்ட். சுவர் பாதியில் இருக்கிறது, போன் அடிக்கிறது. "ஸ்பீக்கர்ல போட்டுக் காதாண்ட புடி" என்றார். நான் இடது கையில் போன், வலது கையில் பிரஷ், அவர் இடப்பக்கம் போனால் நானும் இடப்பக்கம், குனிந்தால் நானும் குனிந்து, நிமிர்ந்தால் நிமிர்ந்து, புது டான்ஸ் ஒன்றை ஆடிக்கொண்டிருந்தேன். "அம்மி, பாஸ்! கணக்குல தொண்ணூத்தாறு!" என்று அந்தப் பக்கம் பெண் கத்தியது. ஆபாவின் தோள் இரண்டும் ஒரு விரற்கடை மேலே ஏறி இறங்கின. "சரிம்மா. வெக்கிறேன்" என்றார். பத்து நிமிஷம் ரோலர் ஓடியது. மூலைக்கு வந்தார், கடைசிப் பட்டையை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்து முடித்தார், ரோலரை வைத்தார், தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்து ஓவென்று அழுதார். அந்த அழுகையைப் பத்து நிமிஷம் சுவர் நெடுகத் தள்ளிக்கொண்டு வந்து, மூலையில் இறக்கி வைத்திருக்கிறார்! அந்தப் பெண்ணுக்கு ஆம்பூர்ப் பக்கம் வேலை கிடைத்து, குடும்பமே அங்கே போய்விட்டது. அது பிறகு.

ஆபாவிடம் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் ஃபேன். போடக் கூடாது. ஃபேன் போட்டால் ஈரம் சீக்கிரம் காயும், கோடு விழும். சென்னையில், மே மாசத்தில், ஜன்னலையும் பாதி சாத்திவிட்டு, ஃபேன் இல்லாமல் வேலை செய்து பார்த்திருக்கிறீர்களா? பெயிண்டில் நான் தண்ணீர் கலப்பதே இல்லை, அதுவாகவே கலந்துகொள்ளும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் கதை இல்லாமல் ஆபா கதையை முடிக்க முடியாது.

எனக்கு அப்போது முப்பத்தொன்று. பெண் அமையவில்லை. பெயிண்டர் என்றதும் பெண் வீட்டுக்காரர்கள் குடிப்பாரா என்று கேட்டார்கள். டீ குடிப்பேன் என்று சொன்னதை யாரும் ரசிக்கவில்லை. கடைசியில் அம்மா எனக்குத் தானாகவே ஒரு பதவி உயர்வு கொடுத்துவிட்டார். "பையன் பெயிண்டிங் கான்ட்ராக்டர்." நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். தலையாட்டுவதற்குப் படிப்பு தேவையில்லை.

மந்தைவெளியில் ஒரு இடம் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், அப்பா இல்லை, அம்மாவும் தாய்மாமாவும்தான். பெண் தி.நகரில் ஜவுளிக்கடையில், புடவை எடுத்துப் போடுகிற வேலை. போய்ப் பார்த்தோம். எனக்குப் பிடித்துவிட்டது. எவ்வளவு பிடித்தது என்றால், ஒரு மணி நேரம் நான் ஜோக் அடிக்கவில்லை. பெண் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டது.

"ஊருக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிறீங்க. உங்க வீட்டுச் சுவர் எப்படி இருக்கும்?"

கேசரித் தட்டை அம்மா பக்கம் நகர்த்தினேன்.

"நேர்ல வந்து பாரும்மா, கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார் அம்மா.

"அப்ப பார்த்துட்டே சொல்றேன்" என்றது பெண். மாமா எழுந்து வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு, "வார ஞாயித்துக்கிழம சாயங்காலம் வாரோம். வீட்டையும் பாத்துட்டு, புடிச்சிருந்தா அங்கயே வார்த்தையைச் சொல்லிருவோம். திங்கக்கிழம நான் ஊருக்குப் போயிருவேன். அடுத்த வாரம் அங்கயும் ஒரு பையன் வீட்டுல கேட்டிருக்காவ" என்றார்.

எங்கள் வீடு மேற்கு மாம்பலத்தில், இரண்டாவது மாடியில், ஒரு ஹால், ஒரு சமையலறை. கண்ணாடி மாதிரிதான் இருந்தது, உடைந்த கண்ணாடி மாதிரி. முன்பு குடியிருந்தவர்களின் பிள்ளைகள் வரைந்த ரயில் ஒரு சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. நான் சாய்ந்து டிவி பார்க்கும் இடத்தில் என் தலை எண்ணெய் ஒரு முழு நிலவாகப் படிந்திருந்தது. பதினாலு வருஷமாக ஓரம் எடுக்கிறவன் வீட்டில் ஓரமே இல்லை.

திங்கட்கிழமை வேலையில் ஆபாவின் முதுகிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கான்ட்ராக்டர் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. முதுகு கையிலிருந்த பட்டையை இழுத்து முடித்தது. பிறகு சொன்னது: "சனிக்கெழம நீ சுவத்துல ஓட்டையெல்லாம் அடைச்சு, தேச்சு, பட்டி பாத்து வை. ஞாயித்துக்கெழம எட்டு மணிக்கு வர்றேன். உங்கம்மாகிட்ட சொல்லிடு, ஃபேன் கெடையாது."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டுக்கு ஆபா வந்தார். புது ரோலர், முந்தின நாளே சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, உதிர்கிற பஞ்சையெல்லாம் டேப் ஒட்டிப் பிடுங்கி எடுத்தது. எனக்குப் பெண் பார்க்க நான்கூட அவ்வளவு கழுவிக்கொண்டு போகவில்லை. இளம் மஞ்சள் நிறம், அம்மா தேர்ந்தெடுத்தது. காலையில் முதல் கோட்டு. சாப்பிட்டு முடித்து இரண்டாவது கோட்டு. மூன்று மணிக்கு மூன்று சுவர் முடிந்தது. வாசலுக்கு எதிரே இருக்கும் நீளமான சுவர் மட்டும் பாக்கி.

"எத்தினி மணிக்கு வர்றாங்க?" என்று கேட்டார் ஆபா.

"ஆறுக்கு மேல. ஞாயித்துக்கெழம நாலரைல இருந்து ஆறு வரைக்கும் ராகுகாலம். அது முடிஞ்சுதான வருவாங்க" என்றேன், ஜோசியர் மாதிரி.

மூன்றே கால்தான் இருக்கும். நான் ஒரு கால் குட்டையான ஸ்டூல்மேல், கிழிந்த லுங்கி, தலை முழுக்க மஞ்சள் பொட்டு, சீலிங் ஓரம் எடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம். மாமா, பெண்ணின் அம்மா, பெண்.

"ராகுகாலம் ஆரம்பிக்க முன்னாடியே வந்து முடிச்சிரலாம்னுதான்..." என்று ஆரம்பித்த மாமா என்னைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

அவர்கள் அதற்கு முன்னால் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். நான் அதற்குப் பின்னால் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். யாரும் யாரையும் கேட்கவில்லை. என் கணக்கு எப்போதும் இப்படித்தான்.

அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து, "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்றார். எங்கே உட்காரச் சொல்வது? நாற்காலியெல்லாம் மொட்டைமாடியில். மூன்று பேரும் ஹால் நடுவில் நெரிசலான பஸ்ஸில் நிற்பதுபோல் ஒட்டி நின்றார்கள். சுற்றிலும் ஈரம். மாமாவுக்கு வேர்த்து ஊற்றியது.

"ஃபேன போடுங்கம்மா, கொஞ்சம்."

"போடக்கூடாது," என்றது ஆபாவின் முதுகு. "சுவரு நடுவுல கீது."

மாமா முதுகைப் பார்த்தார். "நீங்க யாரும்மா? மாப்ளகிட்ட வேல பாக்கியளா?"

"அவராண்டயா? இல்ல. அவரு ஓரம் எடுப்பாரு, நான் ரோலரு ஓட்டுவேன். ரெண்டு பேருமே மேஸ்திரிகிட்டத்தான்."

"கான்ட்ராக்டர்னு சொன்னாவளே?"

"யாரு? இவரா?" ஆபா சிரித்தார். முதுகு முழுக்கக் குலுங்கியது. ரோலர் மட்டும் நேராகப் போய்க்கொண்டிருந்தது. "ஸ்டூல் மேல நிக்கிறாரே, அவரா?"

எனக்கு ஸ்டூலோடு தரைக்குள் போய்விட வேண்டும்போல் இருந்தது, ஆனால் தரைக்குக் கீழே இன்னொருவர் வாடகைக்கு இருக்கிறார். அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். மாமாவுக்குப் பாவம், வெக்கையும் அதிர்ச்சியும் சேர்ந்து கால் தள்ளாடியது. "அடப்பாவிகளா" என்று சொல்லி, கையை ஊன்ற இடம் தேடி, பின்பக்கமாக அந்த நீளச் சுவரிலேயே சாய்ந்துவிட்டார்.

பச்சென்று ஒரு சத்தம்.

ரோலர் நின்றது. ஆறு வருஷத்தில் முதல்முறையாகச் சுவர் நடுவில் ரோலர் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆபா பின்னால் திரும்பவில்லை, பக்கவாட்டில் சுவரைப் பார்த்தார். மாமா பதறி விலகினார். அவர் வெள்ளைச் சட்டையில் எங்கள் சுவர் இருந்தது. எங்கள் சுவரில் அவர் தோளும் கையும் இருந்தன.

"அங்க மட்டும் கொஞ்சம் தடவி விட்டுடேம்மா" என்றார் அம்மா, அழாத குறையாக.

"தடவுனா பேண்டேஜ் போட்ட மாரி தெரியும். இது காயணும். காஞ்சப்புறம் அந்த மூலைல இருந்து முழுசா இன்னொரு கோட்டு." ஆபா ஈரத்துணியால் அந்தத் தோளைச் சமமாகத் துடைத்து எடுத்தார். பிறகு, அவர் வாயில் நான் கேட்பேன் என்று நினைக்கவே நினைக்காத ஒன்றைச் சொன்னார். "அம்மா, ஃபேன போடுங்க. ஃபுல்லா வைங்க!"

ஃபேன் சுற்றியது. எல்லார் முகத்திலும் உயிர் வந்தது. மாமாவுக்குக் கோபமும் வந்தது. "ஏட்டி, கெளம்பு. பொய் சொன்ன எடத்துல நமக்கு என்ன சோலி? தங்கச்சி, நீயும் கெளம்பு."

பெண்ணின் அம்மா வாசல் பக்கம் ஒரு அடி வைத்தார். நான் ஸ்டூல்மேலேயே நின்றிருந்தேன். இறங்கினால் மன்னிப்புக் கேட்க வேண்டும், மேலே இருந்தால் வேலை செய்வதுபோல் இருக்கலாம். ஆபா காய்கிற சுவரைப் பார்த்தபடி, உள்ளங்கையைச் சுவர்மேல் படாமல் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

பெண் மட்டும் நகரவில்லை. அண்ணாந்து, முடிந்துபோன மற்ற மூன்று சுவர்களின் சீலிங் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளை முடிந்து மஞ்சள் ஆரம்பிக்கிற அந்த ஒரு கோட்டை, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும், ஜரிகைக் கரை பார்க்கிறது மாதிரி.

"இது யார் எடுத்தது?"

"நான்தான்" என்றேன். குரல் எலி மாதிரி வந்தது.

"டேப் ஒட்டியா?"

"இல்லீங்க. கையாலயே."

அது மறுபடி மேலே பார்த்தது. "மாமா, இருங்க. சுவர் முடியட்டும். நான் இவர்கிட்ட பேசணும்."

"என்ன பேச்சு? நாலரைக்கு ராகுகாலம் வந்துரும். அதுக்கு மேல வார்த்தை சொல்ல முடியாது, பாத்துக்கோ."

"அதுக்குள்ள சொல்லிடுறேன்."

பொதுவாக இப்படிச் சொன்னால் பெண்ணையும் பையனையும் மொட்டைமாடிக்கு அனுப்புவார்கள். அம்மா ஆசையோடு மாடிப்படியைக் காட்டினார். ஆபாவின் கை சுவரில் பட்டது. காய்ந்திருந்தது. மணி மூன்று ஐம்பது.

"ஃபேன நிறுத்துங்க. மாடியும் கெடையாது, கீடியும் கெடையாது. இவரு மேல போனா ஓரம் யாரு எடுப்பா? ரெண்டு பேரும் இங்கயே பேசுங்க. நைனா, வாய் ஓடட்டும், கை நிக்கக்கூடாது. ஜல்தி!"

நான் மூலைக்கு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஏறினேன். குட்டைக்கால் ஆடியது. ஆட்டம் சட்டென்று நின்றது. கீழே பார்த்தேன். பெண் இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தது. பின்னால் சர்ர், சர்ர் என்று ரோலர் கிளம்பிவிட்டது.

"கான்ட்ராக்டர்னு சொன்னது நீங்களா, அத்தையா?"

"அம்மா சொன்னாங்க. நான் தலையாட்டினேன்."

"அப்ப ரெண்டு பேரும்."

"ரெண்டு பேரும்தான்."

"படிப்பாச்சும் நிஜமா? பத்தாவதுன்னாங்க."

"அஞ்சாவது. அஞ்சாவதே ரெண்டு வருஷம் படிச்சேன். அதனால ஆறாவதுன்னு வெச்சுக்கலாம்."

ஸ்டூல் லேசாகக் குலுங்கியது. சிரிப்பு. பிரஷை நல்லவேளை தூக்கிவிட்டேன்.

"நைனா, வந்துகினே கீறேன்" என்றார் ஆபா. நாங்கள் ஸ்டூலைத் தள்ளினோம். நான் ஏறினேன், பெண் பிடித்தது.

"கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போவேன்."

"போங்க."

"நாள் முழுக்க நின்னுகிட்டே இருக்கிற வேலை. வீட்டுக்கு வந்தா நான் உட்காருவேன். காப்பி நீங்க போடணும்."

"போடுவேன். நல்லா இருக்காது."

மறுபடி ஸ்டூலைத் தள்ளினோம். பாதிச் சுவர் வந்துவிட்டது. மாமா ஹால் நடுவில், எதிலும் படாமல், மஞ்சள் முதுகோடு நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு பத்து" என்றார். பெண்ணின் அம்மா கையை விசிறியாக்கி அவருக்கு வீசிக்கொண்டிருந்தார்.

"இனிமே பொய் சொல்வீங்களா?"

யோசித்தேன். "பெரிசா சொல்ல மாட்டேன்."

"அதான் நெஜம்" என்றார் ஆபா, பின்னாலிருந்து.

ஸ்டூலைத் தள்ளினோம், ஏறினேன், இறங்கினேன், தள்ளினோம். நாலு இருபது. மூலை தெரிந்தது. கடைசி இரண்டு அடி ஓரத்தை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். பெண் ஸ்டூலை விடாமல், தலையை மட்டும் ரோலர் பக்கம் திருப்பியது.

"அக்கா, நீங்க சொல்லுங்க. இவர் எப்படி?"

"இவரா?" சர்ர். "வாயி ஓயாது. எட்டு மணின்னா எட்டரைக்கு வருவாரு." சர்ர். "டீக்கடைக்கு அனுப்பினா நாலு பேராண்ட கத பேசிட்டு, டீய மறந்துட்டு வருவாரு."

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். மாமா தொண்டையைச் செருமினார்.

"ஆனா, ஆறு வருசமா நான் இவர் பின்னாடி வர்றேன்மா. நான் போய் சேருறப்ப அங்க ஓரம் ரெடியா இருக்கும். ஒரு நாளு கூட இவருக்காக என் ரோலரு காத்துனு நின்னதில்ல."

நான் கடைசி மூலையை முடித்துப் பிரஷை எடுத்தேன்.

"நாலு இருபத்தெட்டு!" என்றார் மாமா.

"அம்மா," என்றது பெண், ஸ்டூலைப் பிடித்தபடியே. "சரின்னு சொல்லிடுங்க."

பெண்ணின் அம்மா மாமாவைப் பார்த்தார். மாமா தன் சட்டையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். அவர் தோள் இருந்த இடம் எது என்று அவருக்கே கண்டுபிடிக்கத் தெரியவில்லை. "சரி, சொல்லிருவோம்," என்றார். "சம்மதம். நல்லா இருங்க." அம்மா அழுதுகொண்டே சர்க்கரை டப்பாவை எடுக்க ஓடினார். நான் ஸ்டூல்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆபா கடைசிப் பட்டையை மேலிருந்து கீழே இழுத்தார். ரோலரைத் தட்டில் சாய்த்தார். கையைத் துடைத்தார். நிதானமாகத் திரும்பினார். வந்தவர்களை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார். மாமா, பெண்ணின் அம்மா, பெண் என்று மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, பெண் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஓ, நீதான் பொண்ணா? இவ்ளோ அழகா கீறியே!" என்றார். தலையைச் சாய்த்து ஸ்டூல்மேல் இருந்த என்னை ஒரு நிமிஷம் மேலும் கீழும் பார்த்தார். மறுபடி அதனிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "நல்லா யோசிச்சுத்தான் சொன்னியாம்மா?" என்று கேட்டார்.

பெண் மாமாவின் கையை இழுத்து வாட்சைப் பார்த்தது.

"நாலரை ஆயிடுச்சுக்கா. இனிமே யோசிக்க முடியாது."